ஈய முத்திரையும் மென்பொருள் பூட்டும்: பெங்களூரில் டர்போ டீசல் கார்களின் திறன் மாற்ற வரலாறு

பழைய டர்போ டீசல் கார்களின் திறனைக் கூட்டுவது இளைஞர்களின் வேகப் பித்தாகவே பொதுவாகப் பார்க்கப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்றின் நோக்கில் அதற்கு வேறொரு முகமும் உண்டு. ஓர் எஞ்சினுக்குள் எவ்வளவு டீசல் செல்லலாம் என்ற உச்ச அளவை யார் தீர்மானிப்பது, அந்த அளவு மீறப்பட்டால் அதன் விலையை யார் கொடுப்பது என்பன அந்த வரலாற்றின் மையக் கேள்விகள். இக்கேள்விகளைத் தொடர்ந்து ஆராயப் பெங்களூரைப் போல் பொருத்தமான நகரம் இந்தியாவில் அரிது. டீசல் பம்ப்பை உருவாக்கியதும், பின்னாளில் எஞ்சினை ஆளும் மென்பொருளை எழுதியதும், இவ்விரண்டின் பூட்டுகளையும் திறக்கக் கற்றதும் அந்த ஒரே நகரம்தான்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951-இல் தொடங்கப்பட்டது. மைக்கோ என்ற சுருக்கப் பெயரால் தென்னிந்தியா முழுவதும் அறியப்பட்ட இந்நிறுவனம், பெங்களூர் ஆடுகோடியில் ஆலை அமைத்து ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் பம்ப்புகளையும் நாசில்களையும் உற்பத்தி செய்தது. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் "மைக்கோ பம்ப்" என்பது பொருளின் பெயராகவே வழங்கியது. பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கே மைக்கோ லேஅவுட் என்று பெயர் நிலைத்தது.

டீசல் எஞ்சினின் இயல்பு இங்கு கவனிக்கத்தக்கது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டர் மிதி காற்று செல்லும் வழியைத் திறந்து மூடுகிறது. அக்காலத்து டீசல் எஞ்சினில் அத்தகைய தடுப்பு இல்லை. காற்று தடையின்றி உட்புகும், மிதி எரிபொருளின் அளவை மட்டுமே மாற்றும். எனவே, பம்ப்பில் உள்ள ஒரு சிறு திருகைத் திருப்பினால் எஞ்சினின் உச்சத் திறன் மாறிவிடும். தொழிற்சாலையிலும் அங்கீகரிக்கப்பட்ட பம்ப் நிலையங்களிலும் இந்த அளவைச் சோதனை மேசையில் சரிபார்த்துக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்தனர். முத்திரை உடைந்திருந்தால் யாரோ அளவை மாற்றியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை.

1970-களிலும் 80-களிலும் கார்களில் நடந்த மாற்றங்களின் நோக்கம் வேகம் அன்று, சிக்கனம். டீசலின் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவாக இருந்ததால், வாடகை அம்பாசடர்களின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, மட்டடோர் வேன் போன்ற வண்டிகளின் டீசல் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் தென்னிந்திய நகரங்களில் பரவியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலுடன் பதிவுச் சான்றிலும் அம்மாற்றத்தைக் குறிக்க முடிந்தது. பெங்களூரில் ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளும் சிவாஜிநகரின் பழைய இரும்புச் சந்தையும் இத்தொழிலுக்கு ஆதாரமாயின. கன்னடமும் தமிழும் தக்கினி உருதும் கலந்து ஒலித்த அப்பட்டறைகளில், எந்த எஞ்சின் எந்தக் கியர்பாக்ஸோடு பொருந்தும் என்ற அறிவு எழுத்தில் ஏறாமலே தலைமுறைகளைக் கடந்தது.

வேகத்தின் மீதான ஆசை 1990-களில் தலைதூக்கியபோது பெங்களூரின் புவியியல் குறுக்கிட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் காற்றழுத்தம், சென்னையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அக்காலத்து மாருதி ஜென், எஸ்டீம் டீசல் கார்களில் இருந்த பெஜோவின் 1.5 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாதது. அதன் திறன் சுமார் 57 குதிரைத்திறன். அத்தகைய எஞ்சின் சமவெளிக்கு அமைத்த அதே அளவு டீசலைப் பெங்களூரில் பெறும்போது, அதை முழுமையாக எரிக்கப் போதிய காற்று கிடைப்பதில்லை. திறன் குறையும், கரும்புகை கூடும்.

இக்குறையைத் தீர்க்கும் கருவியே டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் புதிய காற்றை அழுத்தி உட்செலுத்தும் இம்முறைக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். பயணிகள் காரில் டர்போ டீசல் முதன்முதலாக 1978-இல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி. வழியே விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 1998-இல் அறிமுகமான டாடா சஃபாரி போன்ற வண்டிகள் டர்போ டீசலைப் பரவலாக அறியச் செய்தன. உயரத்தால் இழந்த காற்றை டர்போ பெருமளவு மீட்டுக்கொடுத்தது. கூடுதல் காற்று இருந்ததால் கூடுதல் டீசலுக்கும் இடம் பிறந்தது. ஈய முத்திரைகள் உடைபடத் தொடங்கின.

ஆனால், திருகின் வழியே பெற்ற திறனுக்கு உடனடித் தண்டனையும் இருந்தது. காற்று தாங்கும் அளவுக்கு மேல் டீசலைக் கூட்டினால் கரும்புகை பின்னால் திரண்டு ஊருக்கே காட்டிக்கொடுக்கும். புகையின் வெப்பம் ஏறி டர்போவின் சக்கரம் சேதமுறும். பிஸ்டனின் தலை உருகும். தேர்ந்த பம்ப் மெக்கானிக் புகையின் நிறத்தைப் பார்த்தே திருகை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தார். மீறலின் சுமை பெரும்பாலும் மீறியவரின் பணப்பையிலேயே விழுந்தது.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் முறை வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. ஒரே குழாயில் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் காத்திருக்க, ஒவ்வொரு நாசிலும் எப்போது எத்தனை நேரம் திறக்க வேண்டும் என்பதை ஈ.சி.யூ. என்னும் கணினி கட்டளையிட்டது. இந்தியாவில் ஹூண்டாய் 2002-இல் கொண்டுவந்த ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று. மூன்று சிலிண்டர்களும் 1.5 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அதன் எஞ்சின் 82 குதிரைத்திறன் தந்தது. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் வழியே பரவிய ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின் பல நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்றது. திருகு இருந்த இடத்தில் இப்போது எண்களின் அட்டவணைகள் இருந்தன: இத்தனை சுழற்சியில், இத்தனை காற்றுக்கு, இத்தனை மில்லிகிராம் டீசல். புகை வரம்புக்கு ஓர் அட்டவணை, முறுக்குவிசை வரம்புக்கு ஓர் அட்டவணை, டர்போ அழுத்தத்துக்கு ஓர் அட்டவணை.

இவ்வெண்களைத் தொழிற்சாலைகள் ஏன் தாழ்வாக வைத்தன என்பதற்குப் பெங்களூரின் அருகிலேயே சான்று உண்டு. பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையிலிருந்து 2005-இல் வெளிவந்த இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் 102 குதிரைத்திறன் தந்தது. அதில் இன்டர்கூலர் இல்லை. அதே எஞ்சின் குடும்பம், இன்டர்கூலரும் மாறும் இதழ்கள் கொண்ட டர்போவும் சேர்ந்தபோது ஃபார்ச்சூனரில் 144 குதிரைத்திறன் தந்தது. ஸ்கோடா லாராவின் 2 லிட்டர் டீசலும் 110, 140 என இரு அளவுகளில் விற்கப்பட்டது. டீசலின் தரம், வெயில், அதிக பாரம், பராமரிப்பின்மை, உத்தரவாதக் காலத்துச் செலவு, விலைப் படிநிலை ஆகிய அனைத்துக்கும் இடம் விட்டே அளவு குறிக்கப்படுகிறது. அந்த இடைவெளியே திறன் மாற்றுவோரின் களம்.

2000-களின் நடுப்பகுதியிலிருந்து இரு வழிகள் நடைமுறைக்கு வந்தன. முதலாவது, உணரிக்கும் கணினிக்கும் இடையே ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, குழாயின் அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கணினியை நம்பவைப்பது. இரண்டாவது, அட்டவணைகளையே படித்தெடுத்துத் திருத்தி மீண்டும் எழுதுவது. இதுவே ரீமேப் எனப்பட்டது. பெங்களூரின் பீட்ஸ், கோயம்புத்தூரின் கோட்6 போன்ற பெயர்கள் இத்துறையில் நிலைபெற்றன. தகவல் தொழில்நுட்ப ஊதியமும் கணினிப் பழக்கமும் நீண்ட நெடுஞ்சாலைப் பயண ஆசையும் ஒருங்கே இருந்த நகரில் இத்தொழில் வேர்கொண்டதில் வியப்பில்லை. பழைய கார்கள் இதற்கு உகந்தவையாயின. உத்தரவாதம் முடிந்துவிட்டதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, வாங்கும் விலையும் குறைவு. எனினும், வயதான உடலுக்கு எல்லை உண்டு. கூடிய முறுக்குவிசையை முதலில் தாங்காமல் வழுக்குவது கிளட்ச். அடுத்து டர்போவின் தாங்கிகள், தேய்ந்த நாசில்கள். பொறுப்புள்ள பட்டறைகள் இவற்றைச் சோதித்த பின்னரே அட்டவணையைத் தொட்டன.

இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் திறன் சார்ந்தது அன்று. கண்ணுக்குத் தெரிவது சார்ந்தது. நன்கு எழுதப்பட்ட ரீமேப்பில் கரும்புகை அதிகம் தெரியாமல் போகலாம். ஆயினும், எரியறையின் வெப்பம் கூடும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். அவற்றின் பெருக்கத்தைக் கண்ணால் அறிய இயலாது. அவற்றைக் குறைக்கவே வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பு வைக்கப்பட்டது. புகைக்கரி படிகிறது என்ற காரணம் காட்டி அதை அடைப்பதும், பிந்தைய கார்களில் துகள் வடிகட்டியை அகற்றுவதும் திறன் மாற்றத்தின் பெயரால் பரவிய பழக்கங்கள். பி.யூ.சி. சோதனை டீசல் கார்களில் அளப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. பழைய வண்டிகளுக்கு 65, பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுகள் வரம்பு. நைட்ரஜன் ஆக்சைடு அச்சோதனையில் இல்லை. ஆகவே, இ.ஜி.ஆர். அடைக்கப்பட்ட ஒரு கார் சான்றிதழோடு சாலையில் ஓட முடிகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சந்திப்புகளில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் ஆட்டோ ஓட்டுநரும் அதன் முதல் நுகர்வோர். திருகின் காலத்தில் உரிமையாளரின் பிஸ்டன் கொடுத்த விலையை மென்பொருளின் காலத்தில் பிறரின் நுரையீரல் கொடுக்கிறது.

இக்குற்றச்சாட்டைப் பட்டறைகளின் மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையாகாது. சோதனைக்கூடத்தில் ஒருவிதமாகவும் சாலையில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் மறைத்து வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனக் குழுமம் இந்தியாவில் சுமார் 3,23,700 கார்களைத் திருத்தத்துக்கு அழைக்க முன்வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுப்பதற்குத் தடை விதித்தது. தொழிற்சாலையின் முத்திரை என்பதே நம்பகத்தின் அடையாளம் என்ற பழைய எண்ணம் அத்துடன் தளர்ந்தது.

சட்டமும் அதே ஆண்டில் இறுகியது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை என்று, கேரளத்திலிருந்து எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. ஆயினும், சாலையோரச் சோதனையில் அகப்படுவது அகலமான டயரும் உரத்த சைலன்சருமே. கொள்ளளவும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளன, ஈ.சி.யூ.வின் அட்டவணைக்கு அதில் ஓர் இடமில்லை. ஈய முத்திரை உடைந்ததை யாரும் பார்க்கலாம். மென்பொருள் மாற்றத்தைக் காண அதற்கென்றே கருவியும் பயிற்சியும் வேண்டும்.

இவ்வறிவுக்கு முறையான இடமே இல்லாமலும் இல்லை. 2010-இல் இந்தியாவில் தொடங்கிய போலோ கோப்பைப் பந்தயத்தில் 1.6 லிட்டர் டீசல் போலோக்கள் 130 குதிரைத்திறனோடு ஓடின. கோயம்புத்தூரின் கரி பந்தயத் தளமும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளமும் தென்னிந்தியாவிலேயே உள்ளன. மூடிய தளத்தில் கூட்டப்படும் திறனையும் மக்கள் நெருக்கடியில் கூட்டப்படும் திறனையும் ஒரே தராசில் வைக்க இயலாது.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்ததும் மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது, இந்தியாவில் 1.3 லிட்டர் எஞ்சினின் காலமும் முடிந்தது. இனி எஞ்சியிருப்பவை பழைய கார்களே. அவற்றை முறையாகப் பேணினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும், இ.ஜி.ஆர். அடைத்து ஓட்டினால் அந்த ஆண்டுகளின் கணக்கு பிறர் சுவாசத்தில் எழுதப்படும்.

ஆடுகோடியின் பம்ப் உற்பத்தி பிடதிக்கு நகர்ந்துவிட்டது. 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய அந்நிறுவனம், ஆடுகோடி நிலத்தில் 2022 ஜூனில் ஸ்பார்க் நெக்ஸ்ட் என்னும் தொழில்நுட்ப வளாகத்தைத் திறந்தது. திருகுக்கு ஈய முத்திரை வைத்த இடத்தில் இன்று மென்பொருளாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் திறன் நகரின் பி.யூ.சி. நிலையங்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை.