ஆக்டிவிட்டிபப் பிறந்த கதை

2024 ஜூலையில் பெங்களூரின் ‘கூ’ கடையைக் கட்டியது. கன்னடத்தில் தொடங்கி, இந்தி, தெலுங்கு, தமிழ் என்று விரிந்த குறும்பதிவுச் செயலி அது. பெரிய நிறுவனங்களுடன் நடந்த பேச்சு முறிந்தது, செலவும் கட்டுப்படியாகவில்லை. அங்கே எழுதியவர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வாசகர் கூட்டமும் அத்தோடு கலைந்தது. எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சர்வரில் குடியிருந்தால் வேறு வழியில்லை.

இதற்கு மாற்று தேடும் வேலை 2008-லேயே தொடங்கிவிட்டது. கனடாவின் மாண்ட்ரியலில் எவான் புரோட்ரோமூ ‘ஐடென்டிகா’ என்ற குறும்பதிவுத் தளத்தைத் திறந்தார். அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் தம் சர்வரில் நிறுவலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வர்க்காரரைப் பின்தொடரலாம். அந்த ஏற்பாடு ‘ஓஸ்டேட்டஸ்’ என்ற நெறிமுறையாக வளர்ந்தது. ஊருக்கெல்லாம் சொல்வதை அது நன்றாகக் கொண்டுபோனது. நாலு பேருக்கு மட்டும் சொல்ல அதில் இடமில்லை.

2014-இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி இத்தகைய நெறிமுறைகளுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. கிறிஸ்டின் லெம்மர்-வெபர், ஜெசிகா டாலன், எவான் உள்ளிட்டோர் எழுதிய ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, 2018 ஜனவரி 23 அன்று முறையான தரமானது. ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட மாஸ்டடான் என்ற குறும்பதிவு மென்பொருள், அதற்கு முன்பே, 2017-இல், அதை ஏற்றிருந்தது.

ஆக்டிவிட்டிபப் வேலை செய்யும் விதம் மின்னஞ்சலைப் போன்றது. முகவரியில் பெயரும் சர்வரும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் உள்பெட்டி, ஒரு வெளிப்பெட்டி. நீங்கள் பதிவிட்டதும் உங்கள் சர்வர், பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கு நகல் அனுப்பும். பதிலும் விருப்பக்குறியும் அதே வழியில் திரும்பும். வேர்ட்பிரஸ் வலைப்பதிவில் இதற்கான செருகுநிரலைப் போட்டால், அதன் கட்டுரையை மாஸ்டடானில் இருந்தபடியே ஒருவர் படித்துப் பதில் எழுதலாம்.

2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, இந்தியர் பலர் மாஸ்டடானுக்குப் படையெடுத்தார்கள்.

இங்கேயும் சர்வரை நடத்துபவர் ஒருநாள் கைவிடலாம். வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா. அதையும் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும். அதனால்தான் மாஸ்டடான் தன் தளத்தில் பரிந்துரைக்கும் சர்வர்களிடம், மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று உறுதி வாங்குகிறது. சேர்வதற்கு முன் ஒரு சர்வரைப் பற்றி விசாரிக்க வேண்டிய முதல் விஷயமும் இதுதான்.