வொண்டர் வுமனின் உடை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் வெகுசனப் படைப்புக்களுள் சித்திரக்கதை நீண்ட காலமாக ஆய்வாளரின் கவனத்தைப் பெறாதிருந்தது. மலிவான தாளில் சிறுவருக்கென அச்சிடப்பட்ட ஒன்றில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், ஒரு சமூகம் தன் பெண்களை எவ்வாறு காண விரும்பியது என்பதை அறிய இத்தகைய படைப்புக்களே தக்க சான்றுகளாக அமைவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு தோன்றிய 'வொண்டர் வுமன்' என்னும் வீராங்கனையின் உடை இவ்வகையில் நோக்கத்தக்கது. அவ்வுடை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அது உடலை எவ்வளவு மறைக்கின்றது என்பதைப் பற்றியனவாகவே இருந்துள்ளன. அதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குமிடத்து, அடிப்படை வினா வேறொன்று என்பது புலனாகும். அவ்வுடையை அணிந்தவளுக்கு எத்தகைய ஆற்றல் வழங்கப்பட்டது, அதனை வழங்கியோர் யாவர் என்பதே அவ்வினாவாகும்.

இப்பாத்திரத்தைப் படைத்தவர் உளவியலாளரான வில்லியம் மோல்ற்றன் மார்ஸ்ரன். வரைந்தவர் ஹரி பீற்றர். சுப்பர்மன் முதலிய ஆண் வீரர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த வேளையில், வலிமையும் அன்பும் ஒருங்கே வாய்ந்த பெண்ணொருத்தியை மார்ஸ்ரன் முன்வைத்தார். கழுகுச் சின்னம் பொறித்த செந்நிற மேலாடை, வெண்ணிற விண்மீன்கள் பதித்த நீலப் பாவாடை, செந்நிறக் காலணி, நெற்றியிற் பொன்முடி என்பன அவளது முதல் உடையின் கூறுகளாகும். போர்க்காலத்துத் தேசியக் கொடியின் நிறங்களே அவை என்பது வெளிப்படை. பாவாடை விரைவிலேயே குறுங்காற்சட்டையாக மாறிற்று.

இவ்வுடையில் மிக்க பொருள் பொதிந்தவை அவளது கைவளைகளாகும். துப்பாக்கிக் குண்டுகளைத் தடுப்பன அவை. அதேவேளை, ஹெர்க்குலிசிடம் அடிமைப்பட்டிருந்த காலத்தை அமேசன் பெண்களுக்கு நினைவூட்டுவனவும் அவையே. ஆண் ஒருவன் அவற்றைச் சங்கிலியாற் பிணைப்பின் அவள் தன் ஆற்றலை இழப்பாள். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய காலத்துக் கேலிச்சித்திரங்களில், தளையுண்ட பெண் தன் கட்டுக்களை அறுத்தெறியும் காட்சி அடிக்கடி இடம்பெற்றது. பீற்றர் அக்காலத்தில், அத்தகைய சித்திரங்களை வெளியிட்ட 'ஜட்ஜ்' சஞ்சிகைக்கு வரைந்தவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனினும், சங்கிலியாற் பிணிக்கப்பட்ட பெண்ணின் உருவம் மீண்டும் மீண்டும் வரையப்பட்டபோது, அது விடுதலையைக் காட்டிற்றா, அல்லது காண்போரின் இச்சைக்குத் தீனியிட்டதா என்ற ஐயமும் அன்றே எழுந்தது. இவ்விரு தன்மைகளும் பாத்திரத்துடன் உடன்பிறந்தவை எனக் கொள்வதே பொருந்தும்.

மார்ஸ்ரன் 1947இற் காலமானார். 1954இல் உளமருத்துவரான பிரெடரிக் வேர்தமின் நூல் வெளிவந்ததும், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுப்பதாக எழுந்த எதிர்ப்பு உச்சநிலை எய்திற்று. அவ்வாண்டிலேயே வெளியீட்டாளர் தமக்கென ஒழுக்கக் கோவையொன்றை வகுத்துக்கொண்டனர். பாத்திரங்களின் உடை சமூகம் ஏற்கத்தக்கதாக இருத்தல் வேண்டும், பெண்ணுடலை மிகைப்படுத்தி வரைதல் ஆகாது என்பன அதன் விதிகளுட் சில. அதே கோவை, காதற்கதைகள் திருமணத்தின் புனிதத்தை வலியுறுத்த வேண்டுமெனவும் விதித்தது. பெண்ணின் உடலைக் காக்க முற்பட்ட விதிகள், அவளது வாழ்வின் எல்லையையும் வரையறுத்தன என்பது கவனத்திற்குரியது.

இம்முரண்பாடு 1968இல் மேலும் தெளிவாயிற்று. டெனிஸ் ஓநீல் எழுத, மைக் செக்கொவ்ஸ்கி வரைந்த கதைகளில் வீராங்கனை தன் ஆற்றல்களையும் பழைய உடையையும் ஒருங்கே துறந்தாள். காலத்துக்கேற்ற நாகரிக உடைகளை அணிந்தாள், உடைக்கடையொன்றையும் நடத்தினாள். உடலை மறைத்தல் மட்டுமே அளவுகோலாயின், இம்மாற்றம் முன்னேற்றமாகவே கருதப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் நிகழ்ந்தது வேறு. 1972 யூலையில் பெண்ணிலைவாதச் சஞ்சிகையான 'மிஸ்', பழைய உடையிலேயே அவளைத் தன் அட்டையில் வெளியிட்டது. அச்சஞ்சிகையின் நிறுவுநர்களுள் ஒருவரான குளோரியா ஸ்ரைனெம் ஆற்றல் பறிக்கப்பட்டமையைக் கண்டித்தார். 1973இன் தொடக்கத்தில் ஆற்றலும் உடையும் மீண்டன. அப்பெண்கள் மீட்க விரும்பியது குறுங்காற்சட்டையை அன்று. அதனை அணிந்தவளின் வலிமையையே ஆகும்.

நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 2016 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை, பெண்களினதும் சிறுமிகளினதும் வலுவூட்டலுக்கான கௌரவத் தூதுவராக இவ்வீராங்கனையை அறிவித்தது. சபையின் ஊழியர்கள் இதனை எதிர்த்தனர். அவர்கள் தொடங்கிய விண்ணப்பத்தில் பல்லாயிரவர் ஒப்பமிட்டனர். அளவுக்கு மீறிய உடலமைப்பும் குறைந்த உடையும் கொண்ட உருவம் உலகப் பெண்களின் அடையாளமாகாது என்பது அவர்களது வாதம். டிசெம்பரில் அப்பதவி முடிவுற்றது. செயலாளர் நாயகம் பதவிக்குப் பெண்கள் பலர் போட்டியிட்டும் ஆணொருவரே தெரிவாகிய ஆண்டு அது என்பதை மறத்தலாகாது. உண்மைப் பெண்ணுக்குக் கிட்டாத இடம் கற்பனைப் பெண்ணுக்கு அளிக்கப்பட்டமையே அச்சினத்திற்கு வலுவூட்டியது எனலாம்.

1972இல் ஒரு தலைமுறைப் பெண்கள் வேண்டி நின்ற உடையை 2016இல் மற்றொரு தலைமுறையினர் மறுத்தனர். இரு சாராரும் தத்தம் காலத்தில் நியாயமுடையோரே. இடைப்பட்ட காலத்தில், சிறப்பாக 1990களில், அவ்வுடை மேலும் குறுகி, வீராங்கனையின் நிற்கும் நிலையும் வாங்கும் வாசகனை நோக்கியதாக மாறியிருந்தது.

இறுதியாக, தூரிகை யார் கையில் இருந்தது என்ற வினா எஞ்சுகிறது. மார்ஸ்ரனின் உதவியாளரான ஜோய் ஹமல் 1940களில் பல கதைகளை எழுதியும், அவை வேறு பெயரிலேயே வெளிவந்தன. அவருக்குரிய விருது 2018இலேயே கிடைத்தது. பெண்ணொருவர் இவ்வீராங்கனையின் இதழை வரைந்தது 1986இலாகும். அவர் திரினா றொபின்ஸ். அதாவது, பெண்ணின் வலிமையைப் பறைசாற்றிய உருவம் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் பெரும்பாலும் ஆண்களின் கையாலேயே வரையப்பட்டது. உடையின் அளவு பற்றிய விவாதம் நீண்டகாலம் மறைத்து வைத்திருந்த உண்மை இதுவேயாகும்.