சுவீடனின் படிக்கூலிகள்

சுவீடன் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றுண்டு. கட்டணமின்றிப் படிக்கும் மாணவர், சம்பளத்துடன் விடுமுறை பெறும் தொழிலாளர், முதுமைக்கு ஓய்வூதியம், பசியறியாத வீடுகள். இவையாவும் வடபுலத்து மக்களின் பிறவிக் குணத்தால் விளைந்தவை என்று கூறுவோர் உளர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. 1945ஆம் ஆண்டுவரை அந்நாட்டின் பெரும் பண்ணைகளில் மனிதர் குடும்பம் குடும்பமாகத் தானியத்துக்கும் பாலுக்கும் உழைத்துவந்தனர்.

'ஸ்டாத்தாரே' என்பது இவர்களின் பெயர். 'ஸ்டாத்' என்றால் பண்ணையார் அளந்து கொடுக்கும் படி. றை என்னும் தானியம், கோதுமை, உருளைக்கிழங்கு, விறகு, பால் ஆகியனவே கூலியின் பெரும்பகுதி. கையிற் கிடைத்த காசு சொற்பம். முன்னர் பண்ணையார்கள் சிறுதுண்டு நிலத்தைக் குடியானவனுக்குக் கொடுத்து, அதற்கீடாக அவனிடம் வேலை வாங்கினர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த நிலத்தையும் தம் சாகுபடியுடன் சேர்த்துக்கொண்டு, நிலமற்றவனைப் படிக்கு அமர்த்துவதே இலாபம் எனக் கண்டனர். மேலாரன் ஏரியைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் தெற்கே ஸ்கோனே மாகாணத்திலும் இம்முறை வேரூன்றியது.

பண்ணையார்கள் மணமானவனையே விரும்பினர். காரணம் வெளிப்படை. பண்ணையின் பசுக்களை மனைவி கறக்கவேண்டும் என்ற கடமை கணவனின் ஒப்பந்தத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. விடியுமுன் எழுந்து தொழுவத்துக்குச் செல்லவேண்டும், மாலையிலும் செல்லவேண்டும். பசுவுக்கு ஞாயிறும் இல்லை, நத்தாரும் இல்லை. ஆகவே அவளுக்கும் இல்லை. கருவுற்றிருந்தாலும் பனி கொட்டினாலும் அதே கதைதான். இக்கடமைக்குச் சுவீடிய மக்கள் இட்ட பெயர் 'வெள்ளைச் சவுக்கு'. பாலை இதைவிடக் கசப்பாக எவரும் வருணித்ததாக நாம் அறியோம்.

நீண்ட கட்டடமொன்றில் வரிசையாகக் குடும்பங்கள். பெரும்பாலும் குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் அடுக்களையும். உணவு உப்பிட்ட ஹெரிங் மீனும் உருளைக்கிழங்கும். ஒப்பந்தம் ஓராண்டுக்கு. ஒக்டோபர் இறுதியில் ஒரு வாரம் ஓய்வு. ஆண்டின் நீண்ட ஓய்வு அதுவே. அந்த வாரத்திலேதான் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிக்கொண்டு, அடுத்த பண்ணையாவது சற்று நல்லதாயிராதா என்ற நப்பாசையுடன் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. ஆரம்பக் கல்விக்கு 1842இலேயே சட்டமியற்றிய நாடு அது. ஆயினும் ஆசிரியரின் முகம் மனதிற் பதியுமுன்னரே இப்பிள்ளைகள் பள்ளி மாறவேண்டியிருந்தது.

சட்டம் யார் பக்கம் நின்றது? 1833ஆம் ஆண்டின் வேலையாட் சட்டம் 1926 வரை நடைமுறையிலிருந்தது. ஆண்டு முடியுமுன் ஓடிப்போனவனைப் பிடித்துக் கொண்டுவர அது இடமளித்தது. வளர்ந்த வேலையாளை எசமான் அடிக்கலாம் என்ற உரிமை 1858இலேதான் நீங்கியது. உள்ளூராட்சித் தேர்தல்களில் வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்ப வாக்குகள் கணக்கிடப்பட்டன. 1871இல் 54 கிராமிய சபைகளில் தனியொருவரே பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை வைத்திருந்தார். பிறவிச் சமத்துவவாதிகளின் இலட்சணம் இது!

மாற்றம் கீழிருந்து வந்தது. தொழிற்சங்கங்களும் மதுவிலக்கு இயக்கமும் சிறு நூலகங்களை அமைத்தன. 1902இல் ஒஸ்கார் ஒல்சன் தொடக்கிய படிப்பு வட்டங்களில், உயர்பள்ளி வாசலை மிதியாதவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசித்து விவாதித்தனர். 1912இல் தொழிலாளர் கல்விச் சங்கம் பிறந்தது. 1921இல் பெண்களும் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தனர். நாடு அனைவருக்கும் 'மக்கள் இல்லமாக' விளங்கவேண்டுமென 1928இல் பேசிய பேர் அல்பின் ஹான்சன் 1932இல் பிரதமரானார். ஆனால் ஆலைத் தொழிலாளி 1919இல் பெற்ற எட்டுமணிநேர வேலைச் சட்டம் வயல் தொழிலாளியை விலக்கியே வைத்திருந்தது என்பதையும் மறைத்தலாகாது. இல்லத்தின் பின்கட்டு வெகுகாலம் இருண்டே கிடந்தது.

அவ்விருளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தவர்களுள் ஈவார் லோ-யோஹான்சன் முதன்மையானவர். 1901இல் ஸ்டாத்தாரே பெற்றோருக்குப் பிறந்த அவர், 1936, 1937ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சிறுகதைகளில் இவ்வர்க்கத்தின் வரலாற்றையே எழுதினார். 1939இல் வெளிவந்த நாவலில், கறவையும் பிள்ளைப்பேறும் அரித்துத் தின்ற ஒரு தாயை வரைந்தார். யான் ஃப்ரீதகோர்டும் மோவா மார்ட்டின்சனும் உடன் எழுதினர். எழுத்து மாத்திரம் பண்ணையாரைப் பணியவைத்தது என்று கொள்வது தவறு. விவசாயத் தொழிலாளர் சங்கம் நெடுநாள் போராடியது. ஆலைகள் ஆட்களைக் கவர்ந்தன. உழவு இயந்திரமும் வந்தது. எனினும், அதுகாறும் விதியெனக் கருதப்பட்டதை அநீதியென நாட்டுக்கு உணர்த்தியதில் அவ்வெழுத்துக்களின் பங்கு பெரிது. 1944இல் சங்கமும் பண்ணையார்களும் உடன்படிக்கை செய்தனர். 1945 ஒக்டோபருடன் படிக்கூலி ஒழிந்தது.

அந்த நெடுங்கட்டடங்களில் ஒன்று இன்று ஸ்கோனேயில் நூதனசாலையாக இருக்கிறது. பண்ணைவாழ்வின் சரித்திரம் அங்கே முடிந்திருக்கலாம். செல்வத்தின் சரித்திரம் முடியவில்லை. பரம்பரைச் சொத்து வரியைச் சுவீடன் 2004இலும், செல்வ வரியை 2007இலும் நீக்கிவிட்டது. அவற்றுள் முதலாவதை நீக்கியது ஹான்சனின் சொந்தக் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் அரசாங்கமே.