குறி எங்கே வைப்பது?

இராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் வரும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? 1799ஆம் ஆண்டு மார்ச் மாதம், திப்பு சுல்தானின் தலைநகரான சீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்ற ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை கெலமங்கலத்தில் பாளையம் இறங்கிப் புறப்பட்டது. அந்தச் சிப்பாய்களின் கையிலிருந்த மஸ்கட் துப்பாக்கியை அருங்காட்சியகத்தில் உற்றுப் பாருங்கள். குழலின் முனையருகே ஒரு சிறு இரும்புக் குமிழ் இருக்கும். அதுவும் பயனெட்டை மாட்டுவதற்காக வைத்ததுதான். கண்ணுக்கு அருகே, குழலின் பின்புறத்தில், குறிபார்க்க எதுவுமே இராது!

செய்தவர்களின் மறதி அல்ல இது. மஸ்கட்டின் ஈயக்குண்டு குழலின் உள்விட்டத்தைவிடச் சிறியது. வெடித்ததும் அது குழலின் சுவர்களில் இங்குமங்கும் மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழலும். சுழலும் பந்தைக் காற்று வளைப்பதைக் கிரிக்கெட் ஆடும் மாணவர்கள் அறிவார்கள். எவ்வளவு கவனமாகக் குறிபார்த்தாலும் நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு போகுமிடம் குண்டுக்கே தெரியாது. ஆகவேதான் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

இதன் காரணத்தை ஆய்ந்து சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட மரக்கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை ஆடும் அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். பள்ளியில் உந்தம் அழியாமை பற்றிப் படிக்கிறோமே, அதே கணக்குத்தான். 1742இல் வெளிவந்த அவரது நூலைக் கணிதமேதை ஆய்லரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரை எழுதினார். குழலுக்குள் திருகுவரிகள் வெட்டினால் குண்டு தன் பாதையையே அச்சாகக் கொண்டு சுழலும், நேராகப் போகும் என்று ராபின்ஸ் 1747இல் வற்புறுத்தினார். அவர் மறைந்தது எங்கே தெரியுமா? நம் கடலூரில்! கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750இல் வந்தவர், மறு ஆண்டு ஜூலையில் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் காலமானார். ஹாரிஸின் படை கெலமங்கலத்தைக் கடந்தபோது ராபின்ஸ் மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆயினும் அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் திருகுவரியில்லாத மஸ்கட்தான் இருந்தது. அறிவு நூலிலிருந்து பட்டறைக்குப் போக அவ்வளவு காலம்!

திருகுவரிக் குழல் பரவிய பிறகுதான் ‘குறி எங்கே வைப்பது?’ என்ற கேள்விக்கே பொருள் வந்தது. இலக்கின் நடுவில்தான் என்று சட்டென விடை சொல்வீர்கள். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் முதன்முதலாகச் சுட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். “ஆறு மணியில் வை” என்று பயிற்சியாளர் சொன்னார். கடிகார முகப்பில் 6 இருக்கும் இடம், அதாவது கரும்வட்டத்தின் அடிவிளிம்பு. மையத்தை அடிக்க மையத்தைத்தானே பார்க்க வேண்டும் என்று என் புத்தி சொல்லிற்று. ஐந்து குண்டுகளும் மேலே போயின. அதன் காரணத்தை நான் உணர்ந்தது பௌதிகம் கற்பிக்க வந்தபிறகுதான்.

1988 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். கரும்வட்டத்தின் குறுக்களவு 59.5 மி.மீ.; பத்து மதிப்பெண் வட்டமோ 11.5 மி.மீ.தான். பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே முன்குறியின் கட்டை தெரியவேண்டும். இரண்டுக்கும் இடையே 32 செ.மீ. தொலைவு என்று கொள்வோம். முன்குறி பள்ளத்தில் அரை மி.மீ. விலகினால் இலக்கில் குண்டு ஒன்றரை செ.மீ. தள்ளிப்போகும். ஆனால் துப்பாக்கி கோணம் மாறாமல் அப்படியே இரண்டு மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் இரண்டு மி.மீ.தான் பிழை, குண்டு பத்துக்குள்ளேயே விழக்கூடும். எந்தப் பிழைக்கு அஞ்சவேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கண் ஒரே சமயத்தில் ஒரு தொலைவைத்தான் கூர்மையாகக் காணும். கட்டைவிரலை நீட்டிப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால், விரலோ கடிகாரமோ ஒன்று மங்கும். ஆகவே சுடுபவர் முன்குறியைத்தான் பார்ப்பார். இலக்கு மங்கிய கரும்புள்ளியாகவே தெரியும். கருப்பு முன்குறியை அந்தக் கரும்புள்ளியின் நடுவே வைத்தால் அதன் விளிம்பு மறைந்துவிடும். வெள்ளைத் தாளின் மீது வைத்தால் பளிச்சென்று தெரியும். எனவே பலர் குறியைக் கரும்வட்டத்துக்குக் கீழே வைத்து, குண்டு மேலே மையத்தில் விழும்படி பின்குறியைத் திருகி அமைத்துக்கொள்கிறார்கள். நான் சுட்ட துப்பாக்கியும் அப்படி அமைக்கப்பட்டதே. பாவம், அதன்மேல் குற்றமில்லை.

சரி, விளிம்பைத் தொட்டாற்போல வைப்பதா, சற்று இடைவெளி விடுவதா? இதில்தான் வல்லுநர்களுக்குள் கருத்து வேறுபாடு. மங்கிய விளிம்பு எங்கே முடிகிறதென்று கண்ணால் துல்லியமாகச் சொல்லமுடியாது. வெளிச்சம் மாறினால் வட்டம் பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. நீட்டிய ஒற்றைக் கை ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. விளிம்பைத் தொடும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பவர், அது வந்ததும் விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார். நாம் அஞ்சிய கோணப்பிழை அங்கேதான் பிறக்கிறது! வெள்ளையில் ஒரு பரப்பைக் குறியாகக் கொண்டு, அதற்குள் கை ஆடுவதை ஒப்புக்கொண்டு, விசையை மெல்ல அழுத்துபவருக்கு அந்த அவசரம் இல்லை. இடைவெளி விடுவதே மேல் என்பது என் கருத்து.

2024 ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாக்கர் இந்தப் போட்டியில் வெண்கலம் வென்று, துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அவருக்குப் பயிற்சியளித்த ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கைத்துப்பாக்கியில் தங்கம் வென்றவர்.

2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் மட்டும் கதை வேறு. அங்கே கரும்வட்டம் 50 செ.மீ. அகலம், வெள்ளையைத் தேடிக் கீழே இறங்கினால் மையத்திலிருந்து 25 செ.மீ. விலகவேண்டும். ஐந்து இலக்குகளையும் நான்கே விநாடியில் சுட வேண்டிய கட்டமும் உண்டு. ஆகவே அங்கே குறி நடுவில்தான். இருட்டில் கண் திசை தடுமாறாதிருக்க, மையத்தின் இருபுறமும் ஒவ்வொரு வெள்ளைக்கோடு வரைந்திருக்கிறார்கள்.