ஒரு புள்ளிக்காக இருபத்தைந்து ஆண்டுகள்

ஹாஸ்கெல் மொழியில் ரெக்கார்டின் புலங்களுக்குப் பெயர் சூட்டும் வசதி 1996-இல், 1.3 பதிப்போடு வந்தது. சிக்கலும் அன்றே தொடங்கியது. புலத்தின் பெயர் மாட்யூல் முழுமைக்குமான ஃபங்ஷனாகிவிடும். ஊழியருக்கு 'நேம்' என்று ஒரு புலம் வைத்துவிட்டால், அதே மாட்யூலில் நிறுவனத்துக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது, கம்பைலர் ஒப்புக்கொள்ளாது. நான் பராமரிக்கும் பழைய நிரல்களில் இன்றும் 'எம்ப்ளாயிநேம்', 'கம்பெனிநேம்' என்று வரிக்கு வரி முன்னொட்டுகள்தான். படிக்கக் கண் வலிக்கும்.

1999-இலேயே ஹாஸ்கெல் ஆய்வாளர்கள் மார்க் ஜோன்ஸும் சைமன் பெய்டன் ஜோன்ஸும் இதற்கு மாற்று வழி எழுதினார்கள். மொழி அதை ஏற்கவில்லை. மற்ற மொழிகளைப் போலப் புள்ளி வைத்துப் புலத்தை எடுக்கலாமே என்றால், இங்கே புள்ளி ஏற்கெனவே இரண்டு ஃபங்ஷன்களைக் கோக்கும் குறி. 2013-இல் ஆடம் கண்ட்ரி என்ற நிரலாளர் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலையைக் கையிலெடுத்தார். ஒரே புலப்பெயரை இரு ரெக்கார்டுகளில் அறிவிக்கும் வசதி 2016-இல் கிடைத்தது. இந்த ரெக்கார்டில் இந்தப் புலம் உண்டு என்பதை டைப்பிலேயே சொல்லும் 'ஹேஸ்ஃபீல்ட்' கிளாஸ் அடுத்த ஆண்டு வந்தது. எனக்கு இதுதான் உண்மையான திருப்பம்.

புலத்தை எடுக்கும் புள்ளி 2021-இல் வந்தது, ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியின் 9.2 பதிப்பில். இடைவெளியின்றி ஒட்டி எழுதினால் புலம். இடைவெளி விட்டால் பழையபடி ஃபங்ஷன்களைக் கோக்கும் குறி. இன்றும் இந்த வசதி கோப்பின் தலையில் எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். மொழியின் அடுத்த தரநிலையிலாவது இதை இயல்பாகச் சேர்க்க வேண்டும்.