முப்பத்து நாலு வருஷம் எடுத்துக்கொண்ட மனந்திரும்புதல்

எங்க ஊர் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு முறை சாட்சிக் கூட்டம் நடக்கும். சின்ன வயசுல அம்மாகூடப் போய் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கேன். எல்லா சாட்சிக்கும் ஒரே அமைப்புதான். முன்னாடி இப்படி இருந்தேன், ஒரு நாள் ஆண்டவர் தொட்டார், அன்னையிலேர்ந்து இப்படி ஆயிட்டேன். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம். கேட்கிறப்போ நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு சந்தேகம் குடையும். எனக்கு மட்டும் ஏன் அந்தக் கோடு இவ்வளவு கோணல்மாணலா இருக்கு?

அந்த மாதிரி சாட்சிகளில் உலகப் புகழ்பெற்றது ஜான் நியூட்டனுடையது. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதினவர். சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த கதை இதுதான். அவர் ஒரு அடிமைக் கப்பல் கேப்டன். நடுக்கடலில் புயல் அடித்தது. ஆண்டவரைக் கூப்பிட்டார், தப்பித்தார். கரைக்கு வந்ததும் அந்தத் தொழிலை விட்டார், போதகர் ஆனார், பாட்டு எழுதினார். அவ்வளவுதான், ஆமென்.

போன வருஷம் ஒரு காரணத்துக்காக (அதைக் கடைசியில் சொல்றேன்) இவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. தேதிகளை வரிசையா எழுதிப் பார்த்தேன். தலை சுத்திடுச்சு. புயல் 1748. கப்பல் வேலையை விட்டது 1754. பாட்டு 1773. அடிமை வியாபாரம் தப்புன்னு ஊரறிய எழுதினது 1788. புயலுக்கும் அந்த வாக்குமூலத்துக்கும் நடுவில் நாற்பது வருஷம்! நாம பிறக்கிறதுக்கு முன்னாடி அப்பா செஞ்ச தப்புக்கு இன்னைக்கு அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

நியூட்டன் 1725-ல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிற வாப்பிங்கில் பிறந்தார். அப்பா மத்தியதரைக் கடலில் ஓடிய வணிகக் கப்பலின் கேப்டன். அம்மா எலிசபெத்தான் வேதமும் ஞானப்பாட்டும் சொல்லிக்கொடுத்தார். பையனுக்கு ஏழு வயசு ஆகிறதுக்குள் காசநோயில் அம்மா போய்ச் சேர்ந்துட்டார். பதினொரு வயசில் பையன் அப்பாவோட கப்பல் ஏறிட்டான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கடற்படைக்கு ஆள் தேவைன்னா தெருவில் போறவனைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. நியூட்டனும் அப்படித்தான் மாட்டி, ஹார்விச் என்ற போர்க்கப்பலுக்குப் போனார். அங்கேயிருந்து ஓடப் பார்த்தார், பிடிபட்டார், எல்லார் முன்னாலயும் சவுக்கடி, பதவி இறக்கம். பிறகு அடிமை வியாபாரக் கப்பல் ஒன்றுக்கு மாற்றி அனுப்பினாங்க. 1745-ல் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சியெரா லியோன் கரையோரத் தீவு ஒன்றில், ஒரு வெள்ளைக்கார அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சலில் விழுந்து, சோறு கிடைக்காமல், ராத்திரி யாருக்கும் தெரியாமல் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்ற நிலை. அடிமைகளே இரக்கப்பட்டுத் தங்கள் சாப்பாட்டில் பங்கு கொடுத்தாங்கன்னு அவரே பின்னால் எழுதியிருக்கார். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க.

அப்பா சொல்லி அனுப்பின ஒரு கேப்டன் அவரைக் கண்டுபிடிச்சு, கிரேஹவுண்ட் என்ற கப்பலில் ஏற்றினார். 1748 மார்ச்சில் வட அட்லாண்டிக்கில் புயல். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினால் கப்பலுக்குள் தண்ணீர். மேல்தளத்துக்கு ஏறினவரை, போய் ஒரு கத்தி எடுத்துட்டு வான்னு கேப்டன் கீழே அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே போன ஆளை அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. கப்பலில் ஏற்றியிருந்த சரக்கு தேன்மெழுகும் மரமும். தண்ணீரில் மிதக்கிற சரக்கு என்பதால்தான் அது முழுகவில்லை. மணிக்கணக்கில் பம்ப் அடித்துக்கொண்டே, வருஷக்கணக்கில் கேலி செய்த ஆண்டவரை முதல்தடவையா இரக்கம் கேட்டுக் கூப்பிட்டார். ஏப்ரலில் கந்தல்கோலமாக அயர்லாந்தின் லாக் ஸ்வில்லியில் கரை சேர்ந்தாங்க.

சாட்சிக் கூட்டமாக இருந்தால் இங்கே எல்லாரும் கைதட்டி முடிச்சிருப்போம். ஆனா கதை இங்கேதான் சிக்கலாகுது.

அதே 1748-ல் அவர் பிரௌன்லோ என்ற அடிமைக் கப்பலில் முதல் மேட்டாக வேலைக்குப் போனார். 1750-ல் சின்ன வயசுக் காதலி மேரி கேட்லெட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அதே வருஷம் கேப்டன் பதவி. டியூக் ஆஃப் ஆர்கைல் கப்பலில் ஒரு பயணம், ஆஃப்ரிக்கன் கப்பலில் இரண்டு, மொத்தம் மூன்று பயணம். மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அந்த மேல்தளத்துப் பலகைக்குக் கீழே சங்கிலியில் பிணைத்த மனுஷங்க, அலமாரியில் புத்தகம் அடுக்கின மாதிரி, நெருக்கி அடுக்கப்பட்டுக் கிடந்தாங்க.

எங்க தொழிலில் லாக் ஃபைல்னு ஒன்று உண்டு. மீட்டிங்கில் யார் என்ன சொன்னாலும், உண்மையில் என்ன நடந்ததுன்னு அதைத் திறந்தால் தெரிஞ்சிடும். நியூட்டனுக்கும் ஒரு லாக் இருக்கு. கேப்டனாக அவர் தினமும் எழுதின கப்பல் குறிப்பேடு. 1962-ல் அது புத்தகமாகவே அச்சில் வந்தது. 1752 டிசம்பர் பதிவு ஒன்றில், கலகத்துக்குத் திட்டம் போட்டதாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களுக்கு விலங்கு பூட்டி, கட்டைவிரலை நசுக்கும் திருகுக்கருவியைப் போட்டு உண்மையை வரவழைத்ததாக எழுதியிருக்கார். கவனிங்க, இது புயலுக்கு முன்னாடி இல்லை. நாலு வருஷம் கழிச்சு. தன் சாப்பாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்த அடிமைகளைப் பார்த்த அதே மனுஷன்.

அப்போ மனசாட்சி உறுத்தலையா? ஒரு வகையில் உறுத்தியிருக்கு. சங்கிலியும் பூட்டுமாகத் திரியறோம், ஜெயில் காவலாளி மாதிரி இருக்கோம், இதைவிடக் கருணையான வேலை ஒன்று கொடும்னு ஜெபம் பண்ணினதாக எழுதியிருக்கார். தொழில் பிடிக்கலை. ஆனா தொழில் பாவம்னு தோணலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பயங்கரமானது. நம்மில் பாதிப்பேர் குடியிருக்கிற இடமும் அதுதான்.

1754-ல் அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் திடீர்னு வலிப்பு வந்தது. டாக்டர்கள் கடலுக்குப் போகவேண்டாம்னு சொல்ல, கப்பலை விட்டார். அதாவது விட்டது கொள்கைக்காக இல்லை, உடம்புக்காக. அதற்கப்புறமும் கொஞ்ச காலம் அந்தத் தொழிலில் பணம் போட்டு வச்சிருந்தார். லிவர்பூலில் சுங்கத்துறை வேலை கிடைத்தது. தனியாக உட்கார்ந்து கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். போதகராகணும்னு கேட்டு, திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டு, கடைசியில் 1764-ல் ஓல்னி என்ற சிறு ஊருக்கு உதவிப் போதகராகப் போனார். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழை ஜனங்கள் நிறைந்த ஊர்.

நிலைத்திருத்தல் என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் புரிஞ்சது இந்த ஓல்னி வருஷங்களில்தான். பெருசா ஒன்றும் நடக்கலை. தினமும் வீடு வீடாகப் போறது, குழந்தைகளுக்குக் கதை சொல்றது, கடிதம் எழுதறது. கவிஞர் வில்லியம் கூப்பர் 1767-ல் அங்கே குடிவந்தார். கடுமையான மனச்சோர்வு நோயாளி. 1773-ல் நோய் முற்றினப்போ, ஒரு வருஷத்துக்கு மேல் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார் நியூட்டன். நண்பர் ஒரு ராத்திரி தங்கினாலே நாம மூஞ்சியைத் தூக்கிவச்சுப்போம் :-) இரண்டு பேருமாக எழுதின பாடல்கள் 1779-ல் 'ஓல்னி ஹிம்ஸ்' என்ற தொகுப்பாக வந்தது. 'அமேசிங் கிரேஸ்' அதில் ஒன்று. 1773 ஜனவரி 1, புத்தாண்டு ஆராதனைக்காக, தன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததை நினைத்து தாவீது வியக்கும் 1 நாளாகமம் 17-ம் அதிகாரத்தை ஒட்டி எழுதினது. இன்று நாம் பாடும் மெட்டு அதற்கு அமெரிக்காவில் 1835-ல்தான் சேர்ந்தது.

பாட்டு எழுதின காலத்திலும் அடிமை வியாபாரம் பற்றி அவர் வாய் திறக்கலை. தெரியாத காலம்னும் சொல்லமுடியாது. லண்டன் குவேக்கர்கள் 1761-லேயே அடிமை வியாபாரம் செய்பவர்களைச் சபையிலிருந்து விலக்க முடிவெடுத்துட்டாங்க. ஜான் வெஸ்லி 1774-ல் அடிமைத்தனத்தை எதிர்த்துப் புத்தகமே போட்டார். உள்ளே இருந்து பார்த்தவர் மட்டும் சும்மா இருந்தார்.

1780-ல் நியூட்டன் லண்டன் செயின்ட் மேரி உல்நாத் ஆலயத்துக்கு மாறினார். 1785 டிசம்பரில் ஒரு இளம் எம்.பி. யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். பக்தி வந்துட்டதால் அரசியலை விட்டுடலாமான்னு குழப்பம். விடாதே, இருக்கிற இடத்திலேயே ஆண்டவருக்குப் பயன்படுன்னு சொல்லி அனுப்பினார் நியூட்டன். அந்த வில்பர்ஃபோர்ஸ்தான் பிறகு நாடாளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்து இருபது வருஷம் போராடினார்.

அந்தப் போராட்டத்துக்காக 1788-ல் நியூட்டன் ஒரு சிறுநூல் எழுதினார். கப்பலில் என்னென்ன நடக்கும், எப்படி அடுக்குவாங்க, என்ன கருவி, பெண்களுக்கு என்ன கொடுமை, எல்லாம். தான் அதில் பங்கெடுத்தவன் என்பதை மறைக்கலை. இந்த ஒப்புதல் ரொம்பத் தாமதமானது, நடந்ததை இது மாற்றிவிடாது, சாகும்வரை வெட்கப்பட வேண்டிய விஷயம் என்ற கருத்தில் எழுதியிருக்கார். நாடாளுமன்றக் குழுவின் முன்பும் போய் சாட்சி சொன்னார். சர்ச்சில் சொல்றதுக்கும் அங்கே சொல்றதுக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே கைதட்டு கிடைக்கும். அங்கே உன் பேர் கெடும்.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. அட்லாண்டிக்கின் குறுக்கே ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டாங்க. நியூட்டனின் கப்பல்களில் போனவங்களுக்கு அவருடைய மனந்திரும்புதலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பக்கத்துக் குரல் வேணும்னா, தானே அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா இக்வியானோ 1789-ல் வெளியிட்ட சுயசரிதையைத் தேடிப் படியுங்க. இரண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் கணக்கு நேராகும்.

1807 மார்ச் 25 அன்று பிரிட்டனில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் கையெழுத்தானது. கண்பார்வை போன கிழவராக நியூட்டன் அதைக் கேட்கும்வரை உயிரோடு இருந்தார். அதே வருஷம் டிசம்பர் 21-ல் காலமானார்.

அவருடைய நாட்குறிப்பின் கடைசிப் பதிவுதான் என்னை ரொம்பப் பாதித்தது. தேதி 1805 மார்ச் 21, அந்தப் புயலின் நினைவு நாள். ஐம்பத்தேழு வருஷம் ஆச்சு. சரியாக எழுதக்கூட முடியாத நிலையிலும், இந்த நாளைத் தாழ்மையோடும் ஜெபத்தோடும் அனுசரிக்க முயற்சி பண்றேன்னு குறிச்சு வச்சிருக்கார். முழு அர்த்தத்தில் தான் விசுவாசியானது புயலுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான்னும் வேறோரிடத்தில் எழுதியிருக்கார். அவரே கோடு போடலை. நாமதான் போட்டோம்.

இப்போ என் காரணம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸில் ஒரு நடுராத்திரி ரிலீஸ் சொதப்பிடுச்சு. தப்பு என்னுடையது. மறுநாள் போன மெயிலில் என் டீமில் புதுசா சேர்ந்த பையன் பேர் இருந்தது. நான் போடலை, யாரோ போட்டாங்க. நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அந்த வருஷ அப்ரைசலில் அவனுக்கு வரவேண்டியது வரலை. அந்த நாட்களில் நான் தினமும் காலையில் வேதம் வாசிச்சேன், ஜெபம் பண்ணினேன். ஒரு நாளும் விடலை. அந்தப் பலகையும், பலகைக்குக் கீழே இருந்தவங்களும்...

அவன் வேற வேலைக்குப் போனப்புறம், போன வருஷம்தான் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணா, அது எனக்கு அப்பவே தெரியும்"னான். என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பழைய மேனேஜருக்கும் எழுதினேன். அவனுக்குப் போனது திரும்பி வரலை.

கப்பலைத் திருப்பறது பைக்கைத் திருப்பற மாதிரி இல்லை. சுக்கானை வளைச்ச பிறகும் கொஞ்ச தூரம் பழைய திசையிலேயேதான் போகும். கிருபை என்பது சுக்கானைப் பிடிக்கக் கிடைச்ச கைன்னு நினைக்கிறேன். ஆனா பிடிச்ச கையை எடுக்கக்கூடாது. எடுத்தா பழைய திசைதான். அடுத்த சாட்சிக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டா இதைத்தான் சொல்லணும்னு இருக்கேன். கூப்பிடுவாங்களான்னுதான் தெரியலை.