கண்ணிவெடி நாட்டுக்கு வந்த உலகக் கோப்பை

ஒரு டீம்ல ஏழு பேர். அதுல ஆறு பேர் ஒரு கால் இழந்தவங்க. ரெண்டு ஊன்றுகோலோட ஓடுவாங்க, செயற்கைக் கால் போடக்கூடாது. ஊன்றுகோலால வேணும்னே பந்தைத் தொட்டா ஹேண்ட்பால். கோல்கீப்பர் ஒரு கை இழந்தவர். இதுதான் ஆம்பியூட்டி ஃபுட்பால். 1980-கள்ல அமெரிக்காவோட சியாட்டில்ல, ஒரு கால் இழந்த டான் பென்னட் தொடங்கி வெச்ச ஆட்டம்.

இதோட உலகக் கோப்பைக் கதையில போரும் கூடவே வரும். அங்கோலாவைப் பாருங்க. 1975-ல போர்ச்சுகல்கிட்டேருந்து விடுதலை. அதே வருஷம் உள்நாட்டுப் போர். 2002 வரைக்கும், 27 வருஷம்! வயல், பாதைன்னு எல்லா இடத்துலயும் கண்ணிவெடி புதைச்சாங்க. ஆயிரக்கணக்கானவங்களுக்குக் கால் போச்சு. 1997-ல இளவரசி டயானா பாதுகாப்புக் கவசத்தோட நடந்தாங்களே, அந்தக் கண்ணிவெடி நிலம் இங்கதான்.

2014 உலகக் கோப்பை ஃபைனல்ல அங்கோலா ரஷ்யாகிட்ட தோத்துப்போச்சு. 2018-ல மெக்சிகோவுல மறுபடியும் ஃபைனல், எதிர்ல துருக்கி. 0-0. பெனால்டி ஷூட்அவுட்ல 5-4ன்னு அங்கோலா உலக சாம்பியன் ஆச்சு. 2022-ல இஸ்தான்புல்ல அதே துருக்கி 4-1ன்னு ஜெயிச்சு கோப்பையை வாங்கிக்கிச்சு.

தோத்த கோப்பையை அடுத்த தடவை ஜெயிச்சுக்கலாம். ஆனா அங்கோலாவுல கண்ணிவெடி எடுக்கிற வேலை இன்னும் முடியல. அது முடிஞ்சாதான், இந்த டீமுக்கு வெடியில கால் இழந்து யாரும் புதுசா வரமாட்டாங்க.